மூக்கு அடைக்கவில்லை, வாசனை எங்கே போனது?

சளி பிடித்தால் சாப்பாடு ருசிக்காது. மூக்கு அடைத்துக்கொண்டிருப்பதால் ரசத்தின் ஆவி மூக்கின் உச்சிவரை ஏறாது. வாசனை தெரியாத ரசம் வெறும் புளிப்புத் தண்ணீர்தான். சளி இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

2020-இல் கொரோனா வந்தபோது நடந்தது வேறு. பலருக்கு மூக்கு அடைக்கவே இல்லை. மூச்சு தாராளமாகப் போய்வந்தது. ஆனாலும் காலையில் எழுந்தால் காபி மணக்கவில்லை, சோப்பு மணக்கவில்லை, அடுப்பில் பால் தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் இந்திய சுகாதார அமைச்சகம் வாசனை இழப்பையும் சுவை இழப்பையும் கொரோனாவின் அறிகுறிகளில் சேர்த்தது. உங்கள் வீட்டிலேயே யாருக்காவது இது நடந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்த கதை ஏதாவது வெளியே வரும்.

இந்த மர்மத்துக்கு விடை தேடிப் போனவர்கள் கடைசியில் மூக்கின் செல்லுக்குள், அதன் உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். நாமும் அதே வழியில் போகலாம்.

இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் கூரையில், சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஈரமான ஒரு படலம் இருக்கிறது. வாசனையை உணரும் நரம்பு செல்கள் அங்கேதான் லட்சக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய இழைகள், அந்த இழைகளின் மேல் வாசனையைப் பிடிக்கும் புரதங்கள். மல்லிகைப் பூவிலிருந்து காற்றில் மிதந்து வரும் மூலக்கூறு தனக்குப் பொருந்தும் புரதத்தில் ஒட்டிக்கொண்டதும் அந்த நரம்பு செல் மூளைக்குச் சேதி அனுப்பும். நரம்பு செல்களுக்கு இடையிடையே வேறு வகைச் செல்களும் நிற்கின்றன. ஈரத்தைக் காப்பது, கழிவை அகற்றுவது, நரம்பு செல்களைச் சாயாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் இவற்றின் பொறுப்பு. இவற்றைத் தாங்கு செல்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வைரஸ் அந்த நரம்பு செல்களைக் கொன்றிருக்கும் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் இரண்டு விஷயங்கள் இடித்தன. கொரோனா வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் அந்தச் செல்லின் மேற்பரப்பில் ஏசிஇ-2 என்ற புரதம் இருக்க வேண்டும். அதைப் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே போகும். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சந்தீப் ராபர்ட் தத்தாவின் குழு 2020-இல் தேடிப் பார்த்தது. தாங்கு செல்களில் அந்தப் புரதத்துக்கான மரபணு இயங்கிக்கொண்டிருந்தது. வாசனை நரம்பு செல்களில் இயங்கவில்லை. அடுத்த விஷயம், நாட்கணக்கு. வாசனை நரம்பு செல் செத்தால் அந்த இடத்தில் புதிது முளைக்கும். நம் உடம்பில் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும் அபூர்வமான நரம்பு செல்கள் இவை. ஆனால் முளைத்து, வளர்ந்து, மூளைவரை நீண்டு வேலைக்குத் தயாராகப் பல வாரங்கள் வேண்டும். கொரோனா வந்தவர்களில் பலருக்கோ ஓரிரு வாரங்களிலேயே வாசனை திரும்பிவிட்டது.

அப்படியானால் நரம்பு செல்கள் சாகவில்லை. வைரஸும் அவற்றுக்குள் போகவில்லை. உயிரோடுதான் நிற்கின்றன, ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

இதற்கு விடை சொல்ல, டி.என்.ஏ. எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் உடம்பின் ஒரே ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதை வைத்திருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இருக்காது. அந்த டி.என்.ஏ.வில் இரண்டு பிரதிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. அதில் புரதம் செய்வதற்கான குறிப்புகளாக ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். கல்லீரல் செல்லிலும் அதே 20,000, மூக்கின் செல்லிலும் அதே 20,000. (உட்கருவே இல்லாத ரத்தச் சிவப்பணுவை மட்டும் விட்டுவிடுங்கள்.) எழுத்துகள் எல்லாம் ஒன்றாக இருந்தும் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, மூக்கு மல்லிகையை அறிகிறது. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் படிப்பதால்தான் இப்படி.

பீரோவில் மடித்து வைத்திருக்கும் பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தானையில் மயில் இருக்கிறது, உடலில் மாங்காய் இருக்கிறது, கரையில் யாளி இருக்கிறது. மடிப்புக்குள் இருக்கும்வரை மயிலைப் பார்க்க முடியாது. அந்த மடிப்பைப் பிரித்தால் மயில் தெரியும், மறுபடி மடித்தால் மறையும். மறைந்ததனால் மயில் அழிந்துவிடவில்லை, ஒரு இழைகூட அறுபடவில்லை. மரபணுக்களும் அப்படித்தான். பிரிந்திருக்கும் பகுதியைச் செல் படிக்கும், இறுக மடிந்திருக்கும் பகுதியை விட்டுவிடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. டி.என்.ஏ. தட்டையாக மடிவதில்லை. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்த உருண்டைகளைச் சுற்றிச் சுருள்கிறது, ஓர் உருண்டைக்கு 147 எழுத்து நீளம் என்ற கணக்கில். அந்த உருண்டைகளிலிருந்து சின்னச் சின்ன வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்களின் மேல் செல் சில வேதியியல் அடையாளங்களை ஒட்டிவைக்கும். ஓர் அடையாளம் இருந்தால் 'இங்கே பிரி, படி' என்று அர்த்தம், இன்னொன்று இருந்தால் 'இறுக்கி வை' என்று அர்த்தம். வால்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளூ வைரஸ் வரும்போது அவை தேவைப்படும்.

இப்போது வாசனை மரபணுக்கள், அதாவது வாசனையைப் பிடிக்கும் அந்தப் புரதங்களுக்கான குறிப்புகள். 1991-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸெல் இருவரும் எலியின் மூக்கில் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்யும் வாசனை மரபணுக்கள் சுமார் 400. நம் மரபணுக்களில் ஐம்பதில் ஒன்று, முகர்வதற்காகவே! எலிகளிடம் ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறது என்பதால் நாம் ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த 400-இல் ஒரு நரம்பு செல் படிப்பது ஒன்றே ஒன்றைத்தான். மீதி அத்தனையும் அந்தச் செல்லில் மூடியே கிடக்கும். பக்கத்துச் செல் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திறப்பது லேசான காரியம் இல்லை. வாசனை மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக இல்லை, நீண்ட டி.என்.ஏ. துண்டுகளான குரோமோசோம்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இயக்கும் சுவிட்சுத் துண்டுகளும் அப்படியே. கொலம்பியாவில் ஸ்டாவ்ரோஸ் லோம்வார்டாஸ் என்பவரின் குழு பல ஆண்டுகளாக இதை எலிகளிடம் ஆராய்ந்தது. அந்தச் சுவிட்சுத் துண்டுகளுக்கு அவர்கள் கிரேக்கத் தீவுகளின் பெயர்களையே சூட்டிவிட்டார்கள். வெவ்வேறு குரோமோசோம்களிலிருந்து இந்தத் 'தீவுகள்' உட்கருவுக்குள் ஓரிடத்தில் வந்து கூட வேண்டும். கூடினால்தான் ஒரு வாசனை மரபணு இயங்கத் தொடங்கும். மற்ற வாசனை மரபணுக்களும் அருகிலேயே இறுகத் திரண்டு கிடக்கும். உட்கருவுக்குள் இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு வேறு செல்களில் அபூர்வம்.

கொரோனா வந்ததும் இதே குழுவும், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் டெனோவர் குழுவும் கைகோத்தன. பரிசோதனைக்குத் தங்கநிற ஹாம்ஸ்டர்களை எடுத்துக்கொண்டார்கள். கொழுகொழு கன்னமுள்ள இந்தக் கொறி விலங்குக்கு நம்மைப் போலவே கொரோனா தொற்றும். கொரோனாவால் இறந்துபோன 23 பேரின் மூக்குத் திசுவையும் ஆராய்ந்தார்கள். 2022-இல் 'செல்' என்ற ஆய்விதழில் முடிவுகள் வெளிவந்தன.

ஹாம்ஸ்டரிலும் மனிதரிலும் ஒரே காட்சி. வாசனை மரபணுக்கள் படிக்கப்படுவது வெகுவாகக் குறைந்திருந்தது. வாசனைச் சேதியை மூளைக்கு அனுப்ப உதவும் மற்ற மரபணுக்களும் அடங்கிப்போயிருந்தன. உட்கருவுக்குள் பார்த்தால், அந்த நுணுக்கமான ஏற்பாடு கலைந்திருந்தது. திரண்டு கிடந்த வாசனை மரபணுக்கள் சிதறியிருந்தன, குரோமோசோம்களுக்கு இடையே இருந்த சந்திப்புகள் அறுந்திருந்தன. டி.என்.ஏ.வின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மடிப்பின் ஒழுங்கு மட்டும் குலைந்திருந்தது. புரதம் செய்யும் குறிப்பைப் படிக்காத செல், புதிய புரதம் செய்யாது. புரதம் இல்லாத இழையில் காபியின் மூலக்கூறு வந்து மோதினாலும் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

வைரஸ் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு செல்லின் உட்கரு, வைரஸ் வந்த காரணத்தால் கலைந்துபோனது. என்னை வியக்க வைத்தது இந்த இடம்தான். வைரஸ் தாக்கியது தாங்கு செல்களை. தாக்கப்பட்ட செல்கள் அபாயச் சேதிகளை வெளியிட்டன, நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமாக வந்து மேலும் சேதிகளைப் பரப்பின. அந்தச் சேதிகள் பக்கத்திலிருந்த நரம்பு செல்களின் உட்கருவரை எட்டின. அதாவது, அடுப்பில் பால் தீய்ந்ததை அறியவிடாமல் செய்ததில் வைரஸுக்கு மட்டுமல்ல, நம் உடம்பின் சொந்தப் படைக்கும் பங்கு உண்டு.

சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட வாசனை திரும்பவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்டவர்களின் மூக்கிலிருந்து துளியளவு திசுவை எடுத்து 2022-இல் பார்த்தார்கள். வைரஸின் தடயம் இல்லை. ஆனால் டி-செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் சண்டை முடிந்தது தெரியாமல் இன்னும் அங்கேயே இருந்தன, வாசனை நரம்பு செல்களும் குறைந்திருந்தன. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் முகரும் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். கொரோனாவுக்கு வெகு முன்பே, 2009-இல், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்பவர் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும். நான்கில் எதற்கும் நம் ஊரில் பஞ்சமில்லை.

உட்கருவின் வேலையைக் கெடுக்கும் வைரஸ் கொரோனா மட்டும் இல்லை. கொரோனா வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் வேலையை உட்கருவுக்கு வெளியேயே முடித்துக்கொள்கிறது. ஃப்ளூ என்று நாம் சொல்லும் இன்ஃப்ளுயென்சா வைரஸ் அப்படி இல்லை, நேராக உட்கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். மரபணுவைப் படித்து எழுதும் பிரதிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அதன் முனையில் சின்ன வேதிப்பொருள் ஒன்று இருக்கும், அறிவியலில் அதற்குத் தொப்பி என்றே பெயர். தொப்பி இருந்தால்தான் ரைபோசோம் என்ற செல்லின் இயந்திரம் அதை வாங்கிப் புரதம் செய்யும். ஃப்ளூ வைரஸுக்குத் தொப்பி செய்யத் தெரியாது. அதனால் நம் தூது ஆர்.என்.ஏ.வின் முனையைத் தொப்பியோடு, பத்துப் பன்னிரண்டு எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்துத் தன்னுடையதில் ஒட்டிக்கொள்கிறது. தலை வெட்டுப்பட்ட நம் பிரதி வீணாய்ப் போகும். என்ன துணிச்சல் பாருங்கள்!

இதைவிடப் பெரிய தந்திரம் ஒன்றும் அதனிடம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள 1957-க்குப் போக வேண்டும். லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோழி முட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளைச் செயலிழந்த ஃப்ளூ வைரஸோடு ஊறவைத்தார்கள். பிறகு அந்த நீரை எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் விட்டார்கள். புதிய துண்டுகளில் உயிருள்ள வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை. தாக்கப்பட்ட செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டு மற்ற செல்களை உஷார்ப்படுத்தியிருக்கின்றன என்று கண்டார்கள். அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். நம் உடம்பிலும் இன்டர்ஃபெரான் வந்து தொட்டதும் ஒரு செல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் திறந்து படிக்கத் தொடங்கும். வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கும் புரதம், புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கும் புரதம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

வைரஸ் சும்மா இருக்குமா? இப்போது அந்த ஹிஸ்டோன் வால்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஹிஸ்டோன்களில் ஒன்றின் வால் நுனியில் அலனின், ஆர்ஜினின், த்ரியோனின், லைசின் என்று, புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் நான்கு வரிசையாக இருக்கும். எச்3என்2 வகை ஃப்ளூ வைரஸின் என்எஸ்1 என்ற புரதத்துக்கும் ஒரு வால் உண்டு. அதில் அலனின், ஆர்ஜினின், செரின், லைசின். நான்கில் மூன்று அப்படியே! நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் தரகோவ்ஸ்கியின் குழு 2012-இல் இதை வெளியிட்டது. மரபணுவைப் படிக்க வரும் புரதக் கூட்டம் ஒன்று உண்மையான வாலைத் தேடி வந்து, இந்தப் போலி வாலிடம் மாட்டிக்கொள்கிறது. இதனால் அடிபடுவது அவசரமாகத் திறக்க வேண்டிய வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள்தான். 2022-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் கொரோனா வைரஸின் ஒரு புரதத்திலும் இதே போன்ற போலி ஹிஸ்டோன் வரிசையைக் கண்டுபிடித்தார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே தந்திரத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால், ஹிஸ்டோன் வால் நமக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது.

சில நேரம் மடித்து மூடும் வேலை வைரஸுக்கு எதிராகவும் நடக்கும். சின்னம்மை வந்து போன பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டு ஓடிவிடுவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு செல்களின் உட்கருவில் அதன் டி.என்.ஏ. தங்கிவிடும். செல் அதை ஹிஸ்டோன்களில் சுற்றி அடக்கி வைக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள்கூட அப்படியே கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது பிரிந்துகொண்டு வெளியே வந்தால் அதுதான் அக்கி. தாத்தா பாட்டிகளுக்கு இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாக, பட்டையாகக் கொப்புளம் கிளம்புமே, அதுவேதான். கிராமங்களில் காவியைக் குழைத்து அக்கி எழுதுவார்கள். தோலின் மேல் எழுதுவது நரம்புக்குள் இருக்கும் வைரஸை எட்டாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். சின்னம்மை வராத, அதற்குத் தடுப்பூசியும் போடாத குழந்தைகள் அந்தக் கொப்புளத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அவர்களுக்குச் சின்னம்மை வரலாம்.

இதுவரை சொன்ன எந்த வைரஸும் நம் மரபணுவின் எழுத்துகளைத் திருத்தவில்லை. எழுத்துகளுக்கு நடுவிலேயே போய் அமரும் கூட்டமும் உண்டு, ரெட்ரோவைரஸ்கள் என்று பெயர். எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பல லட்சம், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப்பட்ட வைரஸ்கள் நம் மூதாதை விலங்குகளின் முட்டையிலும் விந்திலும் புகுந்து, அவற்றின் குட்டிகளுக்கும் பேரக்குட்டிகளுக்கும் இறங்கி, இன்று நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 8 சதவீதம் இவற்றின் மிச்சம். புரதம் செய்யும் எழுத்துகளோ 2 சதவீதம்கூட இல்லை! அந்த மிச்சங்களில் பெரும்பாலானவை சிதைந்து, இறுக மூடப்பட்டுக் கிடக்கின்றன.

எல்லாமே சும்மா கிடக்கவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சுவாங், நெல்ஸ் எல்டி, செட்ரிக் ஃபெஷாட் மூவரும் 2016-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஏஐஎம்2 என்பது செல்லுக்குள் அத்துமீறி வந்த டி.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் புரதம். இன்டர்ஃபெரான் வந்ததும் செல் அதன் மரபணுவைத் திறக்கும். அந்த மரபணுவுக்கு அருகில் எம்.இ.ஆர்.41 என்ற பழைய வைரஸின் மிச்சம் ஒன்று இருந்தது. மனித செல்களிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இன்டர்ஃபெரானைக் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணு அங்கேயே முழுதாக இருந்தும் அதைச் செல்லால் சரியாகத் திறக்க முடியவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையருக்குத் தொற்றிய ஒரு வைரஸின் துண்டுதான் அந்த மரபணுவின் சுவிட்சு.